செர்ரி மரத்தின் கழுத்து

"சனிக்கிழமை மரம் வெட்டற கிளைட் ரம்பத்தோட வர்றான். கொல்லைல இருக்கற செர்ரி இனிமே தேறாது," என்றான் வெண்டல்.

புருஷன் சொன்னதும் டோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் பிறந்த வருஷம் அவளே குழி தோண்டி நட்ட மரம். பழம், கிழம் ஒன்றும் கிடையாது. ஏப்ரலில் பத்து நாள் பூக்கும், அவ்வளவுதான். அந்தப் பத்து நாளை நினைத்துத்தான் ஒஹையோவின் பனிக்காலத்தையே அவள் தள்ளுவாள். இந்த வருஷம் பாதிக் கிளைகள் மொட்டுகூட விடவில்லை.

"என்ன சீக்குன்னு பாக்காம வெட்ட விடமாட்டேன்," என்று மண்வெட்டியை எடுத்தாள்.

அந்தத் தெருவில் வசந்தம் வந்தால், மரத்தடி மண்ணை மூடிப் போட வீட்டுக்கு வீடு ஒரு லாரி மரச்சிராய் இறங்கும். அதை மரத்தடியில் கோபுரமாகக் குவிப்பதில் வெண்டலை அடிக்க ஆள் கிடையாது. முழங்கால் உயரக் குவியல். டோரீன் அதை வாரி எறிந்தாள். உள்ளே பட்டை கறுத்து, ஊறி, விரல் பட்டதும் கழன்று வந்தது. சிராய்க்குள் கிளம்பிய வேர் ஒன்று தண்டைச் சுற்றி இறுக்கியிருந்தது.

"அடிப்பாவி! என் குவியலக் கலைச்சுட்டியா? தெருவே சிரிக்கும்!"

"சிரிச்சுட்டுப் போகட்டும். வந்து மோந்து பாரு."

வெண்டல் குனிந்தான். செத்த எலி நாற்றம். முகம் செத்துப்போயிற்று.

"குளிருமேன்னுதானே போட்டேன், டோரி. இருபத்தாறு வருஷமா..."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கை நிற்கவில்லை. கத்தி நுனியால் பட்டையைச் சுற்றிச் சுற்றிச் சுரண்டினாள். பழுப்பு. மறுபடி பழுப்பு. வேலிப்பக்கம் வந்ததும் கத்தியைக் கீழே போட்டாள்.

"வெண்டல், பச்சை! ஒரு சாண் உசுரோட இருக்கு!"

"ஒரு சாண வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"அது வழியாத் தண்ணி ஏறினா பொழைச்சுக்கும். உளியக் கொண்டா."

சாயங்காலம் வரை தண்டை இறுக்கிய வேரைக் கொத்தினாள். கை கொப்பளித்தது. கடைசித் துண்டை வெண்டல்தான் பிடித்து இழுத்தான்.

சனிக்கிழமை கிளைட் வந்து இறங்கினான். "எங்கே அந்தச் செத்த மரம்?"

வாசலிலேயே மறித்து நின்றான் வெண்டல். "யார்ரா செத்தது? ரம்பத்த வண்டியிலயே வச்சுட்டு மண்வெட்டிய எடு. முன்பக்கம் இன்னும் நாலு மரத்தோட கழுத்த நெரிச்சு வச்சிருக்கேன்."