நீலக் கோட்டின் நான்கு பைகள்

அம்மாவின் நீலக் கோட்டுக்கு நான்கு பைகள். நான்கையும் இன்று மாலை நாலு மணிக்குள் தைத்து மூடி, அம்மாவுக்குக் கடைசியாகப் போட்டுவிட சவ அடக்க நிலையத்தில் கொடுத்தாக வேண்டும். பை திறந்திருந்தால், போகிறவள் வீட்டு அதிர்ஷ்டத்தையும் அதில் போட்டுக்கொண்டு போய்விடுவாளாம். காலையிலிருந்து தம்பி வாய்-கித் மூன்று முறை கூப்பிட்டுவிட்டான்.

"அக்கா, தச்சாச்சா? பெத்த பொண்ணு கையாலதான் தைக்கணுமாம்."

"உன் அதிர்ஷ்டம் எங்கயும் ஓடிப்போயிடாதுடா. போனை வை."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தைக்கத் தெரியாது.

அம்மா தாம் சியூ-ஹா, ஹாங்காங்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வந்திறங்கிய மூன்றாம் நாளே சைனாடவுன் தையற்கூடம் ஒன்றில் உட்கார்ந்தவள். இருபத்தொன்பது வருடம் சட்டைப் பை மட்டுமே தைத்தாள். காலர் இன்னொருத்தி, கை இன்னொருத்தி. முழுச் சட்டை எப்படி இருக்கும் என்று கடைக் கண்ணாடியில்தான் பார்த்துக்கொள்வாள்.

பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். துணி மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம். ஒன்பது வயதில் ஒருநாள், அவள் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து மெஷினில் உட்கார்ந்து ஒரு பையை ஓட்டினேன். நேராகத்தான் வந்தது. பெருமையாகக் காட்டினேன். பளாரென்று கையில் ஒன்று விழுந்தது. வாழ்நாளில் அம்மா என்னை அடித்தது அது ஒன்றுதான்.

"இந்தக் கை ஊசி பிடிக்கப் பொறந்த கை இல்ல. போய்ப் படி."

படித்தேன். மருந்துக்கடையில் வேலை, நாளெல்லாம் நின்றபடி. அறுந்த பொத்தானை நாற்பது வயதிலும் அம்மாவிடம்தான் எடுத்துப் போனேன். என் மகள் டெஸ் மூன்று மாதக் குழந்தையாக அவள் மடிக்குப் போனவள், பள்ளிக்கூடம் சேரும் வரை 'போபோ, போபோ' என்று பாட்டியிடமே வளர்ந்தாள். அம்மாவின் பையில் டெஸ்ஸுக்காக எப்போதும் இஞ்சி மிட்டாய் இருக்கும்.

அம்மாவின் கடைசி ஏழு மாதம் ஆஸ்பத்திரி, கடை, வீடு என்று அலைந்தேன். அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. இந்த நாலு பைகளையாவது என் கையால் செய்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. இத்தனை வருடத்தில் அவளுக்கென்று நான் என்ன செய்துவிட்டேன்?

சமையல் மேசையில் கோட்டு, லாண்டரி உறைக்குள் கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகு அம்மா தனக்கென்று வெட்டித் தைத்த ஒரே உடுப்பு. ஆறு வருடம் முன்பே "இது அந்த நாளுக்கு" என்று சொல்லி மாட்டி வைத்தாள். எதிரே ஃபூன் சித்தி. தையற்கூடத்தில் அம்மாவுக்குப் பக்கத்து மெஷின். விரல்கள் முடக்குவாதத்தில் கோணிக் கிடந்தாலும் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

மூன்று தடவை நூல் கோத்துப் பார்த்தேன். போகவில்லை.

"ஊசிக் காது சின்னதா இருக்கு சித்தி."

"ஆமாண்டி பிக்-சான், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்."

டெஸ் எட்டிப் பார்த்தாள். "ஸ்டேப்ளர் அடிச்சா ஆகாதாம்மா?"

"உங்க போபோ எந்திரிச்சு வந்து உன் தலையில அடிப்பா," என்றாள் சித்தி. டெஸ் சிரித்து, பிறகு அழுதாள். அவளே நூலைக் கோத்தும் கொடுத்தாள்.

கோட்டை வெளியே எடுத்தேன். முதல் பையின் மடிப்பைத் தூக்கி விரலை விட்டேன். உள்ளே போகவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது. நாலாவது. உள்பக்கமாக, அதே நீல நூலில், கண்ணுக்கே தெரியாத பொடித் தையல். ஆறு வருடம் முன்பே நாலையும் மூடி வைத்திருக்கிறாள்.

சித்தி விரலால் தடவிப் பார்த்தாள். "சியூ-ஹா கைதான். சந்தேகமே இல்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குத் தைக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரியாமல் வளர்த்ததே அவள்தானே. அந்த நாளில் இவள் ஊசியோடு திண்டாடுவாள் என்று நினைத்து, தன் சாவு வேலையையும் தானே முடித்துவிட்டாள். இதைக்கூட எனக்கு விட்டுவைக்க மனசு வரவில்லையா அம்மா?

"அதான் மூடியிருக்கே, விடு. நேரமாகுது," என்றாள் சித்தி.

நான் விடவில்லை. மேல் பையின் மடிப்பின் மேலேயே ஊசியைக் குத்தினேன். விரலில் இரண்டு தடவை ஏறியது. கால்மணி நேரத்தில் ஒரு விரல் நீளத் தையல், மலைப்பாதை போல வளைந்து வளைந்து. முடிச்சு துருத்திக்கொண்டு நின்றது.

சித்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள்.

"கண்றாவியா இருக்கு. கூடத்துல இப்படித் தச்சிருந்தா உங்கம்மா அப்பவே பிரிச்சுப் போட்டிருப்பா."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

"வந்து பிரிக்கட்டும் சித்தி," என்றேன். "எந்திரிச்சு வந்து பிரிக்கட்டும்."