கண்டக்டர் சீட்

அவர் பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. அவருடைய விசில் மட்டும் ஓய்வு பெறவில்லை. கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவர் மனைவியை அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் கண்டக்டரம்மா என்றார்கள். அந்த அம்மாள் தபால் ஆபீசில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். அது ஒருத்தர் நினைவிலும் இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

கோடை தொடங்கியதும் தொடங்காததுமாக, மேல்மாடியில் குடியிருந்த மகள் இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னாள்.

"அப்பா இந்த வெயில்ல கீழ எறங்கவே வேணாம்மா. போன வருஷம் பட்டது போதாதா?"

பட்டது நிஜம்தான். போன கோடையில் பின்முற்றத்தில் நின்றுகொண்டிருந்த மனுஷர் அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி எழுப்பி உட்காரவைத்தார்கள். மகள் பயந்துபோய், மழை வரும்வரை அவரை வாசலைத் தாண்ட விடவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் கண்டக்டரம்மாவை அதிகம் பயமுறுத்தியது. அவர் சவரம் செய்வதை விட்டார். பேப்பர் படிப்பதை விட்டார். சுழலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், அதுவும் பாதிதான். இந்த மனுஷர் வாயை மூடினால் எவ்வளவு நிம்மதி என்று கல்யாணமான நாளிலிருந்து புலம்பியவள், அந்த நிம்மதி நிஜமாகவே வந்தபோது நடுங்கிப்போனாள்.

"வெயில்ல விழுந்தவரு பொழச்சுக்கிட்டாருடி. வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டினோம் பாரு, அதுலதான் போகப் பாத்தாரு" என்றாள் மகளிடம்.

மகள் ஒரு நிபந்தனை போட்டாள். "சரி, கீழ எறங்கட்டும். ஆனா ஒரு தடவ மயக்கம், தலைசுத்தல்னு ஏதாவது வந்துச்சு, அதோட முடிஞ்சது. மழை வர்ற வரைக்கும் வீடுதான். அப்ப நீ நடுவுல வரக் கூடாது."

கண்டக்டரம்மா தலையாட்டினாள். ஆட்டிவிட்டு வேலையில் இறங்கினாள்.

காலையில் கட்டடத்தின் நிழல் பின்முற்றம் முழுக்க விழுந்து கிடக்கும். வெயில் ஏற ஏற அது சுவரைப் பார்த்துச் சுருங்கிக்கொண்டே வரும். உச்சிப்பொழுதுக்கு முன்பே காணாமல் போய்விடும். நிழல் இருக்கும்வரை கீழே, போனதும் மேலே. அவள் போட்ட சட்டம் இதுதான். முழங்கால் வலிக்கார டெய்லர், சர்க்கரைக்காரக் கணக்கு டீச்சர், இன்னும் வீட்டுக்குள் வெந்துகொண்டிருந்த நாலைந்து பெரிசுகள் என்று ஆள் சேர்ந்தது. எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. முதலில் உட்கார்ந்தபடியே கைகால் நீட்டி மடக்குவார்கள். பிறகு ஆட்டம்.

ஆட்டம் கண்டக்டரம்மாவின் சொந்த மூளை. வயசானவர்களைத் தண்ணீர் குடிக்கவைப்பதைவிடக் கழுதையைப் பாடவைப்பது சுலபம். அதனால் அவரவர் தண்ணீர் பாட்டிலையே சுவரோரம் வரிசையாக நிறுத்தினாள். டெய்லர் துணியைச் சுருட்டி வளையங்கள் தைத்துக் கொடுத்தார். யார் பாட்டிலில் வளையம் விழுகிறதோ அவர் நாலு மடக்கு குடித்தாக வேண்டும். கணக்கு டீச்சர் குறி வைத்து டெய்லர் பாட்டிலையே அடித்தாள்.

"டீச்சர், நான் என்ன ஒட்டகமா? பாத்ரூமுக்கு ஓட முழங்கால் ஒத்துழைக்கணுமே!" என்று அவர் அலறுவார்.

கண்டக்டருக்கு நிழல் பொறுப்பு. எல்லோரும் சுவரைப் பார்த்து வளையம் எறிய, அவர் முதுகுப்பக்கம் நின்று தரையையே கவனிப்பார். வெயில் யாருடைய நாற்காலிக் காலைத் தொட்டாலும் விசில் பறக்கும்.

"உள்ள நகருங்க! உள்ள நகருங்க! உள்ள எவ்வளவு எடம் கெடக்கு, படியில தொங்குறீங்களே!"

பெரிசுகள் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துக்கொண்டு நகரும். மனுஷருக்கு முகத்தில் பழைய களை வந்துவிட்டது. தினமும் சவரம், இஸ்திரி போட்ட சட்டை, வாய் ஓயாத பேச்சு. கண்டக்டரம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதை வெளியே காட்டாமல், "தொணதொணன்னு ஆரம்பிச்சாச்சா?" என்று சலித்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு முள் தைத்தது. மேலே வந்தால் அவர் முகம் சிவந்திருந்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவார். கேட்டால், "ஒண்ணுமில்ல போ." மற்றவர்கள் எல்லாம் தெம்பாக இருக்கும்போது இவருக்கு மட்டும் என்ன வந்தது? அதே நிழல், அதே நேரம். அவளுக்குப் பிடிபடவே இல்லை. மகளிடம் மறைத்தாள். மறைப்பது தப்பு என்று தெரிந்தேதான் மறைத்தாள்.

மகள் கண்ணுக்கு எது தப்பும்? "நாளைக்கு லீவு போடறேன். நானே பாக்கறேன்" என்றாள்.

மறுநாள் ஆட்டம் களைகட்டியிருந்த நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது. "அம்மா, கொஞ்சம் மேல வா."

கண்டக்டரம்மா மூச்சு வாங்க மகள் வீட்டு பால்கனிக்குப் போனாள். மகள் கீழே கைகாட்டினாள்.

மேலிருந்து பார்த்தால் நிழல் தரையில் கோடு கிழித்த மாதிரி தெரிந்தது. கோட்டுக்கு உள்ளே எல்லா நாற்காலிகளும் பத்திரமாக இருந்தன. கோட்டுக்கு வெளியே, சுள்ளென்று அடிக்கிற வெயிலில், ஒரே ஓர் ஆள் நின்றிருந்தார். விசில் ஊதினார். நாற்காலிகள் உள்ளே நகர்ந்தன. அவரும் ஓரடி முன்னால் வந்தார், ஆனால் கோட்டைத் தாண்டவில்லை.

"அப்பா நெழல்லயே இல்லம்மா." மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "கூப்பிடு. முடிஞ்சது."

கண்டக்டரம்மாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. போன வருஷம் விழுந்ததும் இப்படித்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. தகரக் கூரைக்கடியில் எல்லோரையும் ஒதுங்கவைத்துவிட்டு இவர் வெளியே நின்று வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஒரே ஒரு நிமிஷம் குடுடி" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடாத குறையாக இறங்கினாள்.

"என்னங்க, எங்க நிக்கிறீங்க?"

"ஏன், இங்கதான்."

"குனிஞ்சு பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். தன் நிழல் தன் காலடியிலேயே கிடப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது.

"எல்லாரும் ஏறினப்புறம்தானே கண்டக்டர் ஏறணும்?" என்றார் மெதுவாக. "நான் ஏறலாம்னு பாக்குறதுக்குள்ள மறுபடி நகர வேண்டியதாயிடுது."

திட்டுவதற்கு வாயெடுத்தவள் திட்டவில்லை. சுவரோடு ஒட்டி, நிழல் கடைசிவரை நிற்கும் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டாள்.

"இது கண்டக்டர் சீட். இங்க உக்காந்தே ஊதுங்க. எல்லார் காலும் தெரியுதில்ல?"

"உக்காந்துக்கிட்டு ஊதினா எவன் மதிப்பான்?"

"நான் மதிக்கிறேன், உக்காருங்க" என்றாள் கணக்கு டீச்சர், வகுப்பறைக் குரலில். கண்டக்டர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் கண்டக்டரம்மா கவனித்தாள். வரிசையில் எல்லோர் பாட்டிலும் இருந்தது, அவருடையது மட்டும் இல்லை. ஓடிப்போய் நிரப்பி எடுத்து வந்து நடுவில் வைத்தாள்.

மகள் இறங்கி வந்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று கண்டக்டரம்மா அவள் முகத்தையே பார்த்தாள். மகள் டெய்லர் கையிலிருந்த வளையத்தை வாங்கி எறிந்தாள். நடு பாட்டிலில் விழுந்தது.

"குடிங்கப்பா."

குடித்தார். மகள் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுல உங்க பஸ்லதான் ஸ்கூலுக்குப் போவேன். ஒரு நாளாவது எம்பக்கத்துல வந்து உக்காருவீங்கன்னு பாப்பேன். படியிலயே நிப்பீங்க."

கண்டக்டர் பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

நிழல் சுவரோரம் ஒடுங்கியதும் எல்லோரும் கிளம்பினார்கள். கண்டக்டர் வழக்கம்போலக் கட்டடத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். கடைசியில் மகள் அவர் கையிலிருந்து கதவை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க ஏறுங்கப்பா. நான் கடைசியா வர்றேன். நாளைக்கும் அப்படித்தான்."

அவர் தயங்கினார். மனைவியைப் பார்த்தார். அவள், "பஸ்ஸ எவ்வளவு நேரம் நிறுத்துவீங்க?" என்றாள். உள்ளே ஏறியவர் திரும்பி நின்று, மகளும் வந்து கதவு சாத்தும்வரை பார்த்திருந்தார். பிறகு விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.