சுத்தியலும் சேர்த்து

ஈஜோக்கில் பேருந்தை விட்டு இறங்கியதுமே அம்சவள்ளிக்கு வீடு தெரிந்தது. தெரிந்திருக்கக் கூடாது. சாலையிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் பலகை வீடு அது. மழையில் கறுத்து மரங்களின் நிழலோடு ஒன்றிப்போயிருந்த அந்த வீட்டைப் புது ஆள் யாரும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்று அது பளீரென்று வெள்ளையாக நின்றது.

ரவாங்கில் மகள் சந்திரிகாவையும் பிறந்த குழந்தையையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். கிளம்பும்போது கணவர் உமாபதியிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: எதையும் தொட வேண்டாம்.

உமாபதி புருவத்தில் சுண்ணாம்புத் துளிகளோடு வாசலில் நின்று சிரித்தார்.

"எப்படி இருக்கு வள்ளி?"

"நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"ரிப்பேர் ஒன்னும் பண்ணலையே. சுண்ணாம்புதான் அடிச்சேன்."

"பலகை வீட்டுக்கு யாருங்க சுண்ணாம்பு அடிப்பா?"

"தோட்டத்துல நாம இருந்த லயத்து வீடு மட்டும் என்ன, பளிங்குலயா கட்டியிருந்துச்சு? அதுக்கு அடிக்கலையா?"

அம்சவள்ளி பையைக் கீழே வைத்தாள். விரல் நுனியால் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"இன்னும் காயல. கிராணி ஐயா வர்றதுக்குள்ள காஞ்சிடும்," என்றார் உமாபதி.

கிராணி ஐயா என்றது கார்த்திகேசுவை. கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தோட்டத்துக் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் வீடு தேடிக்கொண்டிருந்தார். மனைவியோடு அன்று பிற்பகல் வருவதாகச் சொல்லியிருந்தார்.

வீடு வாங்க ஆள் கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது. எண்பத்தாறாம் ஆண்டு, மலேசியாவில் பல தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. சந்திரிகாவுக்கு மட்டும் எப்படியோ வேலை நிலைத்தது. ஆனால் பிரசவ விடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. கடைக்கு மேலே ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் மகளோடு இவர்கள் போய்த் தங்க முடியாது. ரவாங்கில் தாமான் என்னும் புதுக் குடியிருப்பு ஒன்றில் ஒரு சிறிய வீட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். இந்த வீடு விற்றால்தான் அதற்கு முன்பணம். விற்காவிட்டால், வேலைக்குப் போகும் மகள் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் குழந்தையை விட்டுப் போக வேண்டும். அந்தக் குழந்தை தன் மடியில் அன்று காலை தூங்கிய சூடு அம்சவள்ளிக்கு இன்னும் போகவில்லை.

முன்பு வந்த இரண்டு பேரும் உமாபதியின் கைவேலையால் ஓடிப்போனவர்கள். ஈஜோக் மளிகைக்கடையின் சீன முதலாளி தவுக்கே பேச்சுவாக்கில் ஜன்னலில் சாய்ந்தார். உமாபதி கட்டியிருந்த கம்பியை அறுத்துக்கொண்டு ஜன்னல் வெளியே போய் விழுந்தது. பிறகு ஒரு லோரி டிரைவர் மனைவியோடு வந்தார். அந்தப் பெண் அடுப்படியில் சுவிட்சைப் போட்டாள். அடுப்படி இருட்டாகவே இருந்தது, குளியலறையில் விளக்கு எரிந்தது. வீட்டில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவ பயந்தாங்கொள்ளி," என்றார் உமாபதி அதைப் பற்றி. "எந்த சுவிட்சைப் போட்டா எது எரியும்னு எனக்குத் தெரியாதா?"

வானம் இருட்டிக்கொண்டு வரும்போது பழைய டாட்சன் கார் வந்து நின்றது. கார்த்திகேசு இறங்கினார், உயரமான மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டையின் பையில் இன்னமும் பேனா. மனைவி கமலாதேவி வெளிர்நீலச் சேலையில் வந்தார். வாசற்படியில் ஏறும்போது படி ஆடியது. பிடிமானத்துக்குச் சுவரில் தோளைச் சாய்த்தார். நிமிர்ந்தபோது தோளிலிருந்து முழங்கை வரை வெள்ளையாகியிருந்தது.

"இஞ்சாருங்கோ," என்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அம்சவள்ளியைப் பார்த்தார். "இப்ப தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. என்னத்துக்குச் சுண்ணாம்பு?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார் உமாபதி.

"எங்கட தோட்டத்தில பெரிய துரை பார்க்க வாற கிழமைதான் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பினம். ஓட்டை, வெடிப்பு எல்லாம் அதுக்குள்ள மூடுபடும். நானும் எத்தனை வருஷம் பார்த்தனான். இஞ்ச எதை மூடினனீங்கள்?"

உமாபதி வாயைத் திறந்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் நால்வரும் உள்ளே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கூடத்துச் சுவரின் மேல்விளிம்பில் ஈரம் தெரிந்தது. அது கீழே வழிய வழிய, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு பால் மாதிரி இறங்கியது. வெள்ளை போன இடங்களில் ஒட்டுகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன: தட்டி நிமிர்த்திய பிஸ்கட் டின், தார் பூசிய கித்தான், சப்பாத்து அடித்தோல். ஒரு இடத்தில் பால் டின் மூடி, அதன் மேல் இருந்த பசுமாட்டுப் படத்தோடு.

கமலாதேவி கைப்பையைத் தோளில் மாட்டினார். போகப்போகிற ஆளின் அசைவு அது. அம்சவள்ளி குறுக்கே வந்து நின்றாள்.

"அம்மா, இருங்க," என்றாள். "இந்த மழையில எங்க போவீங்க? மறைச்சது மறைச்சதுதான். நானே எல்லாத்தையும் காட்டறேன், வாங்க. அப்புறம் வேணாம்னா வேணாம்."

பேசிக்கொண்டே அலுமினியப் பேசின் ஒன்றை எடுத்து, பார்க்காமலே கூடத்தின் ஒரு மூலையில் காலால் தள்ளினாள். அடுத்த துளி அதன் நடுவில் விழுந்தது.

"இந்தக் கதவை இழுத்தா வராது. தூக்கி இழுக்கணும். தரையில இடிக்குதுன்னு அடியில அறுத்தாரு, கூட அறுத்துட்டாரு, கோழி உள்ள வந்துச்சு. அப்புறம் சிலிப்பர் ரப்பரை வச்சு ஆணி அடிச்சாரு, மறுபடியும் இடிக்குது. இந்த சுவிட்சு பாத்ரூமுக்கு. பாத்ரூம் சுவிட்சு வாசலுக்கு. இந்தப் பலகைத் தட்டுல உருண்டையா எதையும் வைக்காதீங்க. குளிக்கிற தண்ணி வெளிய ஓடணும், இங்க உள்ள வரும், சிமிட்டு போட்டவரு சாய்வைத் திருப்பிப் போட்டுட்டாரு."

"சிமிட்டு போட்டவரு ஆர்?" என்றார் கார்த்திகேசு.

உமாபதி தொண்டையைச் செருமினார்.

கமலாதேவிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "இவ்வளவையும் செய்ய விட்டுப்போட்டு எப்படிப் பிள்ளை இருந்தனீங்கள்?"

அம்சவள்ளிக்குச் சட்டென்று கோபம் வந்தது. கணவரை அவள் திட்டலாம். மற்றவர் சொன்னால் வேறு.

"லயத்துல இருந்தப்போ எங்களுக்கும் கூரை ஒழுகுச்சும்மா. தொட்டில்ல மக. மண்டோருகிட்ட சொல்லி, அவரு கிராணிகிட்ட சொல்லி, கிராணி துரைகிட்ட சொல்லி, ஆசாரி வந்து சேர்றதுக்குள்ள புள்ள எழுந்து நடந்துட்டா. நாமே ஒரு தகரம் அடிப்போம்னாலும் கம்பெனி வீட்டுல கைவைக்கக் கூடாதாம். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்னிக்கு நான் பால் காய்ச்சச் சட்டி வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினேன். சுத்தியல் வாங்கிட்டு வந்து நின்னாரு. சட்டியை மறந்துட்டாரு. மழை பெய்யட்டும், இனிமே எவனையும் கேக்கத் தேவையில்லைன்னாரு. ஒழுவத்தான் செய்யுது. ஆனா ஒரு மழைக்கும் இவரு படுத்திருந்தது இல்லை."

உமாபதி சுவரில் பிய்ந்து தொங்கிய ஒட்டு ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார்.

கார்த்திகேசு சுவருக்கு அருகில் போய், வரிசையாக அடித்திருந்த ஆணிகளைப் பார்த்தார். பாதி வளைந்தவை. ஒன்றில் குடை, ஒன்றில் காலண்டர், ஒன்றில் முருகன் படம், மற்றவற்றில் ஒன்றுமில்லை.

"இதெல்லாம் ஆரைக் கேட்டு அடிச்சனீங்கள்?"

"யாரைக் கேக்கணும் ஐயா?" உமாபதிக்குக் கேள்வி விளங்கவில்லை. "நம்ம வீடுதானே லா."

"கூரை ஒழுகுது எண்டு எத்தனையோ புகார் நான்தான் எழுதி மேல அனுப்பினனான்," என்றார் கார்த்திகேசு மெதுவாக. "எங்கட குவாட்டர்ஸும் ஒழுகினதுதான். அதையும் எழுதினன். பதில் இல்லை. சுவரில ஆணி அடிக்கக் கூடாது எண்டு கம்பெனி ஓடர். எங்கட கலியாணப் படம் இன்னும் அலுமாரிக்கு மேல சாய்ஞ்சுகொண்டுதான் நிக்குது. என்ன, கமலா?"

கமலாதேவி கூடத்துச் சுவரை ஒரு தரம் அளந்து பார்த்தார். சாமி மூலைக்கும் ஜன்னலுக்கும் இடையில், சுண்ணாம்பு வழியாத ஓர் இடம் இருந்தது.

"அதில மாட்டினா வாசலால வாற ஆக்களுக்குத் தெரியும்," என்றார்.

கார்த்திகேசு கையை நீட்டினார். "ஒருக்கா அந்தச் சுத்தியலைத் தாங்கோ."

உமாபதி உள்ளே ஓடிப்போய்ச் சுத்தியலும் ஓர் ஆணியும் கொண்டு வந்தார். தலைமைக் கிராணி சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுவர் முன் நின்றார். முதல் அடி கட்டை விரலில் விழுந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, மறுபடியும் ஓங்கினார். ஆணி பலகைக்குள் பாதி போய், பக்கவாட்டில் சாய்ந்து நின்றுவிட்டது.

"விடுங்க ஐயா, அது போதும்," என்றார் உமாபதி அக்கறையாக. "வளைஞ்சிருந்தாத்தான் படம் நழுவாது."

"அப்படியோ?" என்று கார்த்திகேசு வளைந்த ஆணியைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவர் முயலவில்லை.

கமலாதேவி அம்சவள்ளியைப் பார்த்தார். "இனி எனக்கும் இப்படி ஒருத்தர்," என்றார். பிறகு பெருமூச்சோடு, "கூரைக்கு மட்டும் நல்ல தச்சனைப் பிடிக்க வேணும். இவர் ஏறப்படாது. நீங்கள் சொன்ன விலைக்குச் சம்மதம். நாளைக்கே வீட்டு கிராண்ட் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ, லோயரிட்டப் போவம்."

அம்சவள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டாள்; உள்ளங்கை வெள்ளையானது. ரவாங் தாமான் வீட்டின் புது சிமிட்டுச் சுவர்களும் தரை ஓடுகளும் ஒழுங்காக எரியும் சுவிட்சுகளும் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. உமாபதியின் கைக்குச் சுத்தியல் மறுபடியும் போயிருந்தது.

அவள் அதைப் பிடுங்கி, கார்த்திகேசுவிடம் கொடுத்தாள்.

"இதையும் வீட்டோட சேர்த்து எடுத்துக்குங்க ஐயா."

"வள்ளி!" என்றார் உமாபதி.

"அது மட்டும் வேண்டாம்!" என்றார் அதே நேரத்தில் கமலாதேவி.

கார்த்திகேசு இரு பெண்களையும் பார்த்தார். பிறகு சுத்தியலைப் பேனாவைப் போலக் கவனமாகப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஆணிக்கு இடம் தேடிப் போனார். உமாபதி அவர் பின்னாலேயே போய், "அங்க வேணாம் ஐயா, அதுக்குப் பின்னாடி வயரு போவுது," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போவுதுன்னு நினைக்கிறேன்," என்றார்.

அம்சவள்ளி தண்ணீர் நிறைந்த பேசினைத் தூக்கி வெளியே கொட்டிவிட்டு, அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தாள்.