ஆளுக்கொரு ஸ்பீக்கர்

அப்பா போன பிறகு வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொண்டோம். அலமாரி அண்ணனுக்கு. கேசட் பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் எனக்கு. அதுவரை சண்டை இல்லை, ஸ்பீக்கர்களில் வந்துதான் மல்லுக்கு நின்றோம். அப்பா தினமும் துடைத்து வைத்த ஜோடி.

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா எனக்கு என்ன இருக்கு?" என்றான் அண்ணன்.

"அப்ப ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவோம்."

சொன்னது நான்தான். அவன் இடப்பக்கத்து ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போனான். செருப்பை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்ட மாதிரி. எங்கள் இருவர் புத்தியும் அவ்வளவுதான். அதைப் பாட வைக்க அவனிடம் எதுவுமே இல்லை என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஏழு வருடம் ஓடிவிட்டது.

எனக்கு முக்கியம் ஒரே ஒரு கேசட். அதில் எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பத்து. அப்பா எங்கள் வாய்க்கு நேரே தனித்தனி மைக் வைத்து, நடுவில் உட்கார்ந்து பதிவு செய்தது. இடது மைக் அவனுக்கு, வலது எனக்கு; அந்தந்தப் பக்கத்துக் குரல் அந்தந்தப் பக்கத்து ஸ்பீக்கரில்தான் சரியாகக் கேட்கும். என் ஒற்றை ஸ்பீக்கரில் "நான்தான் முதல்ல!" என்று நான் கத்துவேன், அப்பா சிரிப்பார், பிறகு என் பாட்டு. அண்ணன் குரல், பக்கத்து வீட்டில் யாரோ முணுமுணுப்பதுபோல் ஏதோ கேட்கும். சின்ன வயதில் முழுதாகவும் கேட்டிருப்பேன். எனக்குப் பிடித்த பாதிதான் நினைவில் தங்கியிருக்கிறது.

மூன்று மாதத்துக்கு முன் அண்ணன் ஃபோன் செய்தான்.

"ஞாயித்துக்கிழமை ஸ்பீக்கரை எடுத்துட்டு வரட்டுமா? ரெண்டையும் சேத்து வச்சு அந்தக் கேசட்டை ஒரு தடவை கேப்போம்."

"பாக்கலாம். வேலை இருக்கு. நானே கூப்பிடறேன்."

ஒரு வேலையும் இல்லை. வெறும் வீம்பு. அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி அழைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் குரல் இனி அந்தக் கேசட்டில் மட்டும்தான், அதுவும் என்னிடம் இல்லாத பாதியில்.

நேற்றுக் காலை அண்ணியே ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பின்னால் புது வயர் மாட்டி, அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"நீ கூப்பிடுவேன்னு தயாரா வச்சிருந்தார்மா."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்பா செய்வதுபோலவே நூல் பிடித்து அளந்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே ஏழடி, ஒவ்வொன்றிலிருந்தும் நாற்காலிக்கு அதே ஏழடி. சுவரை விட்டுத் தள்ளி வைத்து, இரண்டையும் நாற்காலியைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பினேன். சரியாகக் கேட்கும் இடம் ஒருவருக்குத்தான். அண்ணி நின்றுகொண்டிருந்தார். கேசட்டை ஓடவிட்டு, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நானே போய் உட்கார்ந்தேன்.

அப்பாவின் சிரிப்பு அறை முழுக்கச் சிதறியது. மனிதர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. எழுந்துபோய்ப் பின்னால் பார்த்தேன். அவசரத்தில் அண்ணனுடைய வயரில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிச் செருகியிருந்தேன். சரிசெய்து, கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

இந்தத் தடவை அப்பா நடுவில் இருந்தார். ஸ்பீக்கரே இல்லாத இடத்தில், எனக்கு நேர் எதிரே. "யாரு முதல்ல பாடப் போறீங்க?" என்றார். வலப்பக்கம் நான் கத்தினேன். இடப்பக்கத்தில், கையை நீட்டினால் தொட்டுவிடலாம்போல, பத்து வயது அண்ணன் சொன்னான்:

"அவளே பாடட்டும்பா. நான் அப்புறம் பாடிக்கிறேன்."

அப்பா சிரித்தது அதற்குத்தான். என்னைப் பார்த்துச் சிரித்தார் என்றல்லவா இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"உன் அண்ணன் என்ன சொன்னார்? எனக்குச் சரியா கேக்கலையே," என்றார் அண்ணி. அவர் என் ஸ்பீக்கர் பக்கம் நின்றிருந்தார்.

எழுந்தேன். அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். கேசட்டைத் திரும்ப முதலுக்குக் கொண்டுவந்து ஓடவிட்டு, அவர் நின்ற இடத்தில் போய் நின்றேன்.

அண்ணி இடப்பக்கம் திரும்பி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் நின்ற இடத்தில் என் குரல்தான் கேட்டது.

"நான்தான் முதல்ல!"