மூடிக்கு உள்ளே சந்தனம்

1

இந்தக் கதை ஒரு மடிக்கணினியின் அட்டைப்பெட்டியிலிருந்து வந்தது. 2005இல் திண்டுக்கல்லில் ஒரு கணினிக் கடையில் அதைப் பார்த்தேன். 'மூன்றடி உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாது, மழையில் நனைந்தாலும் நிற்காது' என்று மேலே அச்சிட்டிருந்தது. யாராவது போட்டுப் பார்த்திருப்பார்களா என்று யோசித்தேன். அப்படிப் போட்டுப் பார்ப்பவளாக அறிவுச்செல்வி கதைக்குள் வந்துவிட்டாள்.

2

ஒட்டன்சத்திரத்தில் லாரிகள் வரிசையாக… (வேண்டாம். லாரியில் தொடங்கினால் இறங்க முடியாது.)

மடிக்கணினி விழுந்த சத்தத்தில்… (பொய். ரப்பர் முனை வைத்தது அவ்வளவு சத்தம் போடாது.)

இப்படித் தொடங்குகிறேன். கடைக்காரர் ராயப்பராஜ், இயற்பியல் படித்த அறிவுச்செல்வியை ஒரு மாதம் வேலைக்கு வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். காய்கறி மண்டிக்காரர் சோலைமுத்து பத்துக் கணினி கேட்டு வந்தார்.

"ஏனுங்க, கத்தரிக்காயவே அமுக்கிப் பாத்துத்தானுங்க வாங்குறோம். இத மட்டும் பெட்டியில எழுதுனத நம்பியா வாங்குறது? சோதிச்சு எழுதிக் குடுங்க."

சோதனை அறிவுச்செல்வியிடம் வந்தது. அது அவளுடைய முதல் வேலை.

3

ஆறு பக்கம், எட்டு முனை, பன்னிரண்டு விளிம்பு. ஒவ்வொன்றும் தரையில் படும்படி இருபத்தாறு முறை கீழே போட்டாள். கடையைக் கூட்டும் மாயம்மாள் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏத்தா, செத்த மெதுவாப் போடேன்."

"மெதுவாப் போட்டா சோதனை இல்லக்கா."

கணினி பிழைத்தது. செம்மண் புழுதியிலும் பிழைத்தது. பூவாளியால் தண்ணீர் ஊற்றிய ஏழாவது நிமிடத்தில் திரை அணைந்தது.

வயர் சொருகும் துளையின் ரப்பர் மூடியை ராயப்பராஜ் திறந்தார். உள்பக்கம் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். அதனால் மூடி முழுதாகப் பதிந்திருக்கவில்லை.

"மாயம்மா, பொட்டு வச்சியா?"

"நானில்லய்யா. நான் வச்சா நடு நெத்தியில வப்பேன். ஒளிச்சா வப்பேன்?"

"பின்ன, பி.எஸ்சி. படிச்ச பிள்ளையா வச்சுச்சு? நாளையிலருந்து வராத."

4

(முதல் வரைவில் சந்தனத்தை மாயம்மாள்தான் வைத்தார். எனக்கு அது உறுத்தவில்லை. 'ஒளிச்சா வப்பேன்?' என்று அவர் கேட்ட பிறகுதான் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.)

ஒளித்து வைக்க வேண்டியவள் அறிவுச்செல்வி. அன்று காலை முதல் வேலை நல்லபடியாக முடிய வேண்டுமே என்று பயந்திருந்தாள். வெளியே வைத்தால் ராயப்பராஜ் சிரிப்பார். மூடியைத் திறந்து உள்ளே வைத்துவிட்டாள். வீட்டில் புது பீரோவுக்கும் அப்படித்தான் வைப்பார்கள். ஆனால் பீரோவை யாரும் நனைத்துப் பார்ப்பதில்லை.

5

ஒரு முடிவு: "நான்தான் வச்சேன் சார்" என்கிறாள். (எளிதாக எழுத வந்தது. அதனாலேயே நம்பிக்கை இல்லை. அவள் எதையும் அவ்வளவு சத்தமாகச் சொன்னவள் இல்லை.)

இன்னொன்று: 'தண்ணீர் புகுந்தது' என்று மட்டும் அறிக்கையில் எழுதுகிறாள். அது பொய்யில்லை. சந்தனம் இல்லாமலும் புகுந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு கணினி வேண்டும், அவளிடம் இருந்தது ஒன்றுதான். ஆனால் அந்த வாக்கியத்தை அவள் முடிப்பதற்குள் மாயம்மாள் பேருந்து ஏறியிருப்பார்.

இரண்டையும் அடித்துவிட்டேன். இப்போது ராயப்பராஜ் அறிவுச்செல்வியிடம் கேட்கிறார்: "காரணம்னு என்ன எழுதப் போற?" மாயம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் செருப்பைத் தேடுகிறார். ஒன்றுதான் இருக்கிறது. மற்றதை நான் மேசைக்கடியில் தள்ளிவிட்டேன். எழுதுகிறவளால் முடிந்தது அவ்வளவுதான். அவர் குனிந்து அதை எடுப்பதற்குள் அறிவுச்செல்வி பேசலாம்.

பேசினாளா என்று நீங்கள் சொல்லுங்கள்.