முனிராஜுக்கு ஒன்ஸ் மோர்

ஸ்ரீராம்புரம் முனிராஜின் இடது விலாவில் 1994ஆம் வருடப் பொங்கலுக்கு மறுநாளிலிருந்து காட்சிக்கு ஒரு முறை ரத்தம் வந்தது. காலைக் காட்சியில் இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், மேட்னியில் அதே இடத்தில், மற்ற இரண்டிலும் அப்படியே. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பினார்கள். மேட்னிக்குள் தையல் அவிழ்ந்துவிட்டது. டாக்டர் நூலை மாற்றிப் போட்டுப் பார்த்தார், அதுவும் அவிழ்ந்தது. அவர் நல்ல மனிதர். கட்டுத் துணியை மட்டும் தாராளமாகக் கொடுத்து அனுப்பினார்.

முனிராஜ் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். முந்தின வருடம் ஊருக்கு வெளியே கல்குவாரியில் ஒரு தமிழ்ப் படத்துக்கு ஷூட்டிங் நடந்தபோது, தோளையும் மீசையையும் பார்த்து அவரை அடியாளாகச் சேர்த்துக்கொண்டார்கள். வசனம் கிடையாது. ஜீப்பில் சாய்ந்து ஒரு கிளாஸ் டீ குடிக்க வேண்டும், பிறகு கதாநாயகன் கையால் விலாவில் கத்திக்குத்து வாங்கிச் சாக வேண்டும். ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகில் சாயம் கலந்து ஊற்றினார்கள். வீட்டுக்கு வந்த சட்டையில் எறும்பு மொய்த்ததைப் பார்த்து அவர் மனைவி முத்தம்மா சிரித்ததுதான் அந்தப் படத்தைப் பற்றி வீட்டில் நடந்த கடைசிச் சிரிப்பு.

படம் எங்கள் பேட்டைத் தியேட்டருக்கு வந்தது. தங்கள் சந்து ஆள் திரையில் தெரிந்ததும் ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ரசிகர் மன்றத் தலைவர் உமேஷ், ஆட்டோ ஓட்டுபவர், நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தார். கத்தி இறங்கியதும் தியேட்டரே ‘ஒன்ஸ் மோர்’ என்றது. அது எங்கள் வழக்கம். பிடித்ததை மறுபடி கேட்போம், கொடுக்காவிட்டால் சீட்டைக் கிழிப்போம். ஆபரேட்டர் ரெமிஜியஸ், விவேக் நகரிலிருந்து பஸ்ஸில் வருகிற சாது, ரீலைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி குத்த வைத்தார். இத்தனைக்கும் இந்த ஜனங்கள் தொண்ணூற்றொன்று டிசம்பரில் ஆற்றுத் தண்ணீருக்காகத் தமிழர்களை அடித்த கலவரத்தில் தெருவில் நிஜ ரத்தத்தைப் பார்த்தவர்கள். அன்று கதவைச் சாத்திப் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். இன்று அதே பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். இரண்டும் ஒன்றென்று யாருக்கும் தோன்றவில்லை. தியேட்டர் ரத்தம் லைட் போட்டதும் போய்விடும், யார் வாசலையும் கழுவ வேண்டியதில்லை.

வீட்டில் முனிராஜுக்கு விசில் காதில் விழும்போதெல்லாம் முகம் மலர்ந்தது, விலாவும் திறந்தது. ‘ஒன்ஸ் மோர்’ கேட்டால் இரண்டாம் முறை இன்னும் ஆழமாகத் திறந்தது. படம் சேலத்திலும் மதுரையிலும் ஓடியது. அங்கே அடித்த விசில் அவரை ஒன்றும் செய்யவில்லை. அங்கே அவரை யாருக்கும் தெரியாதே. தெரிந்தவர்கள், பிரியமாக இருந்தவர்கள் அடித்ததுதான் கிழித்தது. அவருக்கு இது முதல் வாரமே புரிந்துவிட்டது. ஆனால் நாற்பது வயது வரை அவரைப் பார்த்து யாரும் விசிலடித்ததில்லை, அதனால் வாயே திறக்கவில்லை. மாசிக்குள் மூட்டை தூக்க முடியாமல் போனது. பிறகு எழுந்து உட்காரவே முத்தம்மாவின் தோள் வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விசில் சத்தமும் ரத்தமும் சேர்ந்தே வருவதைக் கவனித்த முத்தம்மா, நனைந்த துணியைக் கையில் பிடித்தபடியே தியேட்டருக்கு நடந்தாள்.

திரைக்கு முன்னால் போய் நின்றாள். படம் அவள் சேலை மேல் ஓடியது. “அவரு என் வீட்டுக்காரருப்பா. நீங்க ஒவ்வொரு வாட்டி கேக்கும்போதும் அங்க ரத்தம் கொட்டுது. அந்த மனுசன் செத்துருவாரு” என்றாள். யாரோ அது பெயின்ட் அக்கா என்றார்கள். உமேஷ் அந்தத் துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார். அதில் எறும்பு இல்லை. அடுத்த காட்சிக்கு அவரும் மன்றத்து ஆட்களும் தியேட்டருக்குப் போகாமல் முனிராஜின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தூரத்தில் விசில் கேட்டது. பனியன் சிவந்தது. எத்தனையோ சண்டைக் காட்சிகளுக்குக் கை தட்டிய உமேஷ் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார்.

மறுநாளிலிருந்து தியேட்டரில் ஒருவரும் விசிலடிக்கவில்லை. குத்தும் இடம் வந்ததும் ரெமிஜியஸ் லென்சுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து மறைத்தார். ரத்தம் நின்றது, ஆனால் காயம் மூடவில்லை, முனிராஜ் சாப்பிடவும் இல்லை. “சத்தமே காணோமே, படத்தத் தூக்கிட்டாங்களா?” என்று முத்தம்மாவிடம் கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவள் அதை உமேஷிடம் சொன்னாள். அன்று மேட்னியில் முனிராஜ் ஜீப்பில் சாய்ந்து டீயை ஊதிக் குடித்த இடத்தில் உமேஷ் நாற்காலி மேல் ஏறி, தொண்டை கிழிய, “ஒன்ஸ் மோர்” என்றார். டீ குடிப்பதற்கு ஒன்ஸ் மோரா என்று ஒரு கணம்தான் ஜனங்கள் யோசித்தார்கள். பிறகு தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி விசில். ரெமிஜியஸ் ரீலைச் சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். கட்டிலில் கிடந்த முனிராஜுக்குத் தொண்டையில் சூடாக டீ இறங்கியது. இஞ்சி கொஞ்சம் தூக்கல் என்று முத்தம்மாவிடம் சொன்னார். வார முடிவில் காயம் மூடிவிட்டது, சித்திரையில் மூட்டை தூக்கினார். ஒரு மனிதர் டீ குடிப்பதைப் பார்க்க அந்தப் படம் எங்கள் பேட்டையில் மட்டும் கோடை முழுக்க ஓடியது.

பிறகு தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டினார்கள். கேபிள் டிவியில் அந்தப் படம் வந்தால், குத்தும் நேரத்துக்குச் சந்தே எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும். 2003இல் உமேஷ் சிடி பிளேயர் வாங்கி, ஞாயிறு மத்தியானங்களில் டீக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார். முனிராஜ் வாசலில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொள்வார். அந்த வருடம் அவருக்குச் சர்க்கரை ஏறியது. ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று டாக்டர் அதட்டினார். வீட்டில் ஒன்றுதான் என்று முனிராஜ் சத்தியம் செய்தார், அது உண்மையும்கூட. முத்தம்மா திரும்பி வரும் வழியில் உமேஷ் வீட்டு ஜன்னலைத் தட்டினாள்.

“தப்பா நெனச்சுக்காதப்பா. இனிமே ஒரு வாட்டி போட்டா போதும், அவருக்கு ஆகல.”

உமேஷ் சரிக்கா என்று சொல்லி, அந்த வாரத்திலிருந்து ஒரு முறை மட்டும் போட்டார்.