தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு

“தொண்ணூத்தஞ்சு” என்று சொல்லித் தாளைப் புரட்டினாள். “தொண்ணூத்தாறு.” அடுத்த எண்ணைச் சொல்லத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. இடது பக்கத்தில் 96 இருந்தது. வலது பக்கத்தில் 99 இருந்தது.

கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த கணவர், “ம்?” என்றார்.

நாற்பத்தொரு வருடமாக அந்த வீட்டுக்கு வந்த எந்தப் பழைய புத்தகமும், ஒன்றைத் தவிர, எண்ணப்படாமல் அலமாரி ஏறியதில்லை. அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டுவார், அவள் எண்ணைச் சொல்வாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக முப்பது வருடம் குப்பை கொட்டியவள். அவள் வாயிலிருந்து வரும் எண் கணீரென்று இருக்கும், தப்பாகவும் இருக்காது. கல்யாணமான புதிதிலேயே அவர் அவளை ‘ஆபரேட்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தவர்தான், அப்புறம் பெயரைச் சொன்னதே கிடையாது. புத்தகங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் மட்டும் ஆபரேட்டருக்கு அக்கறை இல்லை. அத்தனையிலும் ஒரு வரி படித்ததில்லை. ஆனால் எதில் எந்தத் தாள் இல்லை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் பிறத்தியார் வீட்டு மாடிகளுக்கு ஏறி இறங்கிச் சம்பாதித்ததில் பாதியைப் பழைய புத்தகக் கடைகளில் விட்டவர். கதை, கவிதை எல்லாம் அவருக்கு வேண்டாம். பூட்டு பழுது பார்ப்பது, தேனீ வளர்ப்பது, போட்டோ கழுவுவது என்று தானே கற்றுக்கொள்ளும் புத்தகங்கள்தான், அதுவும் இப்போது எங்கும் கிடைக்காத பதிப்புகளாக இருக்க வேண்டும். தேனீயைக் கண்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிற மனுஷர் அவர்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நீச்சல் புத்தகம். யாரோ ஒரு நீச்சல் வாத்தியார் எழுதித் தன் கைக்காசில் முந்நூறே பிரதி அச்சடித்தது. கல்யாணத்துக்கு முந்தின வருடம் அது ஒரு கடையில் அவர் கைக்கே வந்தது. விலையைக் குறைக்க வேண்டும் என்று, எனக்கொன்றும் அவசரமில்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார். பத்து நிமிடம். திரும்பி வந்தால் புத்தகத்தை யாரோ கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவர் டீயைக் கையால் தொடவில்லை. “கோட்டை விட்டேன், ஒரு டீக்காகக் கோட்டை விட்டேன்” என்று புலம்பாத மாதம் இல்லை.

அதற்கப்புறம் அதே புத்தகம் என்று சொல்லி ஆறு பிரதிகளை ஆறு பேர் அவர் தலையில் கட்டினார்கள். முதலாவதில் அட்டை மட்டும் நீச்சல், உள்ளே முழுக்கக் கோழி வளர்ப்பு. தபாலில் வரவழைத்த இன்னொன்றில் முகப்புத் தாள் ஒன்றைத் தவிர உள்ளே எதுவும் இல்லை. கேட்டதற்கு, “நீங்க போட்டோவுல பார்த்தது அதைத்தானே சார்” என்றான் விற்றவன். ஒன்றைப் பூச்சி தின்றதுபோக விளிம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. ஒன்று எண்பதாம் பக்கத்தோடு சரி. ஒன்று, ஜெராக்ஸ் எடுத்துப் பழசாகத் தெரிய டீத்தண்ணீரில் ஊற வைத்துக் காயப்போட்ட சரக்கு. அதைப் பிரித்ததும் வாசனை வந்தது. எண்ணாமலே மூடிவிட்டார். “டீக்கு என் மேல என்ன கோபமோ தெரியல, ஆபரேட்டர்” என்றார். ஆறாவதில் ஒரு நூலகத்தின் முத்திரை இருந்தது. திருட்டுப் பொருள் வேண்டாம் என்று அதையும் எண்ணாமல் நூலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்கள் பதினெட்டு வருடத் தாமதக் கட்டணத்தை அவரிடம் வசூல் செய்து அனுப்பினார்கள்.

மிச்சம் ஐந்தும் கூடத்தில் ‘ஏமாந்த அலமாரி’யில் இருந்தன. அதில் வேறு புத்தகங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கும்: எங்கே வாங்கியது, எதில் குறை, விற்றவன் என்ன சொல்லி விற்றான் என்று.

ஏழாவது பிரதி இன்று காலை பார்சலில் வந்து இறங்கியது. முந்தின நாள் வந்த டாக்டர் மருந்து எதுவும் எழுதாமல் போயிருந்தார். கணவருக்குக் கையைத் தூக்கத் தெம்பில்லை. “நீயே புரட்டி நீயே சொல்லு. நான் கேட்டுக்கறேன்” என்றார். தொண்ணூற்றாறு வரை எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது.

“என்ன நின்னுட்ட?”

ஆபரேட்டர் அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு மாதமாக அந்த முகத்தில் காணாத ஒரு வெளிச்சம் அதில் இருந்தது. உண்மையைச் சொன்னால் அது அணைந்துவிடும். மறுபடி ஏற்ற நாள் இல்லை.

“எச்சில் தொட்டுப் புரட்டினா திட்டுவீங்களேன்னு விரலைத் துடைச்சேன்” என்றாள். “தொண்ணூத்தேழு.” அதே தாளைப் பாதி தூக்கி, சரசரவென்று ஓசை வரும்படி கீழே விட்டாள். “தொண்ணூத்தெட்டு.” பிறகு மூச்சை இழுத்து, “தொண்ணூத்தொம்பது” என்றாள். அது நிஜம். அங்கிருந்து நூற்று அறுபத்திரண்டு வரை எல்லாம் நிஜம்.

“முழுசா?”

“முழுசு.”

“கிழிசல்?”

“இல்லீங்க.”

“பூச்சி?”

“ரெண்டு ஓட்டை. எழுத்துல படல.”

 அவர் கண்ணைத் திறந்து, “ஆபரேட்டர், ஒரு டீ போடேன்” என்றார்.

அவருக்காக அவள் போட்ட முதல் டீ அது. சர்க்கரையை ஒருமுறை போட்டாளா இரண்டு முறையா என்பதே நினைவில்லை. ஸ்பூனால் ஊட்டினாள். மூன்று ஸ்பூன் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தார்.

“சுமாராத்தான் இருக்கு. இதுக்காகவா அன்னிக்குப் போனேன்” என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே தூங்கிப்போனார். மத்தியானம் மகள் வந்து தொட்டுப் பார்த்தபோது உடம்பு ஆறியிருந்தது.

மறுநாள் காலை கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மகள் அந்தப் புத்தகத்தை அப்பாவின் கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு ஆபரேட்டரிடம் வந்து, “கடைசியில கிடைச்சிடுச்சாமே, முழுசாமே” என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நெஞ்சில் நறுக்கென்றது. அவரை ஏமாற்றாதவர் உலகத்தில் ஒரே ஒரு ஆள், அது ஆபரேட்டர்தான் என்று அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அந்த ஆளும் நேற்றுக் காலையோடு போயாயிற்று. விடிந்ததும் அவள் முதலில் செய்த காரியம், ஒரு துண்டுச் சீட்டு எடுத்து எழுதி, தொண்ணூற்றாறாம் பக்கத்தில் செருகியதுதான்.

பழைய புத்தகக் கடைக்காரர்களும் வந்திருந்தார்கள். துக்கம் கேட்டுவிட்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் ஏமாந்த அலமாரிப் பக்கம் ஒதுங்கினார்கள். ஒதுங்கினவர்கள் சும்மா இருக்காமல் சீட்டுகளை எடுத்துப் படித்தார்கள். ஒருவர் தன் சீட்டை மடமடவென்று உள்ளே தள்ளிவிட்டு, அலமாரிக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். அவர் நகர்ந்தால் அடுத்தவர் படித்துவிடுவார் என்பதால் கடைசிவரை நகரவே இல்லை. கோழிப் புத்தகத்தை விற்றவர் மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு விம்மினார். “என்னைப் பத்தி நல்லவிதமாத்தான்மா எழுதியிருக்காரு. ‘சிரிச்ச முகம்’னு போட்டிருக்காரு.” சீட்டின் மீதி வரியைப் படித்திருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டார்.

பத்து மணிக்குப் பூதக்கண்ணாடி வந்தார். கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும், பெயர் அப்படி வந்தது. இறந்தவருக்கு உயிர் நண்பர். புத்தகம் என்று வந்துவிட்டால் ஒருவரை ஒருவர் முந்துவதற்கு விடிகாலையில் கடை வாசலில் நின்றவர்கள். நண்பரின் காலடியில் வெகுநேரம் நின்றிருந்துவிட்டு அவளிடம் வந்தார்.

“தங்கச்சி, தப்பா நினைக்காதே. அதை ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?”

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. தலையை ஆட்டினாள். அவர் போய்க் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறை மேஜையில் உட்கார்ந்தார். அவளும் பின்னாலேயே போய் நின்றாள். உதட்டுக்குள் எண்ணியபடி அவர் புரட்டினார். இந்த மனுஷர் வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூடம் முழுக்க, ‘பாவம், கடைசியிலும் ஏமாந்தார்’ என்று பேசும். அவர் ஜெயித்த ஒரே ஆட்டமும் தோற்ற கணக்கில் போய்விடும்.

தொண்ணூற்றாறில் சீட்டு வந்தது. பூதக்கண்ணாடி எடுத்துப் படித்தார். ‘97, 98 இல்லை. இருக்கிறது என்று பொய் சொன்னவள்: மனைவி. சொன்ன காரணம்: முகத்தைப் பார்த்து.’

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. சீட்டை மடித்து மேஜை மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, இரண்டு பக்கங்களுக்கும் நடுவே தையல் ஓடும் இடத்தில் வைத்துக் குனிந்தார்.

“யாருக்கும் சொல்லிடாதீங்கண்ணே” என்றாள் அவள்.

“இரு தங்கச்சி. தாளைக் கிழிச்சா அடிக்கட்டை கொஞ்சமாவது மிஞ்சணும். உருவினா தையல் தளரணும். இங்க ரெண்டும் இல்லையே.” கண்ணாடியை மெல்லக் கீழே நகர்த்தி, தொண்ணூற்றாறின் கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார். “‘மல்லாந்து மிதக்க விரும்புகிறவர் கைகளை அகல விரித்து, கழுத்தைத் தளர்த்தி, தண்ணீரை...’ அவ்வளவுதான். பக்கம் முடிஞ்சிடுச்சு.”

ஆபரேட்டர் குனிந்தாள். எண்ணைத் தவிர வேறெதையும் பார்த்திராத கண், தொண்ணூற்றொன்பது என்ற எண்ணுக்குக் கீழே இறங்கியது. அவள் எழுத்துக் கூட்டுகிறவள்போல நிதானமாகப் படித்தாள்.

“‘நம்பிப் படுத்துவிட வேண்டும். அது தாங்கிக்கொள்ளும்.’”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூதக்கண்ணாடி அந்த வாக்கியத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். நடுவில் ஒரு சொல்கூட விடுபடவில்லை.

“தாள் எங்கேயும் போகல, தங்கச்சி. அப்படி ஒரு தாளே கிடையாது. அச்சுக்கோக்கிறவன் நம்பரைத் தாண்டிப் போட்டிருக்கான்.” சற்று யோசித்தார். “தொண்ணூத்தாறு கோத்துட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.”

அவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், அடங்கவில்லை. பூதக்கண்ணாடியும் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினார். கூடத்திலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அம்மாவின் முதுகு குலுங்குவதைக் கண்டு, பக்கத்திலிருந்தவர்களிடம், “அழட்டும், விட்டுடுங்க. நேத்துலேருந்து அழவே இல்ல” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அதைக் கேட்டு இருவருக்கும் சிரிப்பு இன்னும் மோசமாகப் போயிற்று.

சிரித்து ஓய்ந்தபோது பூதக்கண்ணாடி சீட்டைக் காட்டினார். “இதைக் கிழிச்சுடட்டுமா?”

“வேண்டாம்ணே. ஏமாந்த அலமாரியிலயே ஒரு ஓரமா வச்சிடுங்க. ஏமாந்தது நான்தானே.”

முழுசு என்று அவள் சொன்னது முழுசாகவே இருந்துவிட்டது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கின கையோடு, இதை ஓடிப்போய்ச் சொல்லிச் சிரிக்க வேண்டிய ஆள் கூடத்தில் படுத்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. புத்தகத்தை எடுத்துப்போய் அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். காதருகே குனிந்து, “ஏங்க, முழுசுதாங்க” என்றாள். அது அவருக்குப் புதுச் செய்தி இல்லை.

வாசலில் வண்டிகள் வந்து நின்றன. முன்னால் நிற்பது அவருக்கு, பின்னால் நிற்கும் வேன் மற்றவர்களுக்கு.

“அம்மா, நம்ம வீட்டு ஆளுங்க எத்தனை பேர் வேன்ல வராங்கன்னு கேக்கறாங்க. எல்லாருக்கும் சீட் இருக்கணுமாம். கொஞ்சம் எண்ணிச் சொல்றியா?” என்றாள் மகள்.

ஆபரேட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மகள், மருமகன், பேத்திகள் இருவர், நாத்தனார், நாத்தனார் வீட்டுக்காரர், அவர்கள் பிள்ளைகள் இருவர், பூதக்கண்ணாடி, பிறகு தான் என்று விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு வந்தாள்.

“பதினொண்ணு” என்றாள், கணீரென்று.

மகள் அந்த முகங்களை ஒருமுறை தானும் எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள், பத்துதான் வந்தது. அம்மாவைப் பார்த்தாள், அம்மாவின் கண் அப்பா மேல் இருந்தது. வாசலுக்குப் போய், வேன்காரரிடம் பதினொன்று என்றே சொன்னாள்.